எங்கள் பெஞ்சுக்குப் பட்டா இல்லை

கீரிப்பாறைக்குப் பேருந்தில் வருகிறவர்கள், நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் ஒரு சிமெண்ட் வளைவைப் பார்க்கலாம். அதற்குள் புதிதாகப் போட்ட சாலை, இரு பக்கமும் மஞ்சள் பூசிய மனைக்கற்கள். மலைக்காற்று, அருவி, அமைதி என்று ஒரு பலகை சொல்கிறது. காளிகேசத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒன்பதாம் எண் கல் நிற்கிற இடத்தில்தான் எங்கள் சாயாக்கடை இருந்தது.

தகரக் கூரை, மூன்று பெஞ்சு, ஒரு பாய்லர், கண்ணாடி அலமாரிக்குள் பழம்பொரியும் ரசவடையும். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்கள் சாதி இல்லை. நிலம் அவருடையதும் இல்லை. ஊரில் இல்லாத ஒரு குடும்பத்தின் ரப்பர் தோட்டத்து ஓரம் அது. வாடகை எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை தோட்டத்தை விற்றது. வாங்கியவர் மரத்தை வெட்டி மனை போட்டார். மாமாவுக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட இதில் எதுவும் இல்லை. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் என்று சொல்வது ஆறேழு பேர். பால்வெட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஒருவர் நர்சிங் முடித்தவர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் இன்னும் மரம் வெட்டுகிறார், மற்றவர்கள் சமூகப் பணியில் இருக்கிறோம். எங்களில் யாரும் முதலில் கூட்டம் போட்டது அலுவலகத்தில் அல்ல, அந்த மூன்று பெஞ்சில்தான்.

வெளியூர்த் தோழர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மலையடிவாரம் ரப்பர் பூமி. அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கப்பட்டது. அதன் தோட்டங்கள் கீரிப்பாறையிலும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் பலருக்கு இந்தத் தோட்டங்களில்தான் வேலை கொடுத்தார்கள். கீழே நாஞ்சில் வயல்களிலிருந்து கூலிக்கு ஏறி வந்த தலித் குடும்பங்கள் உண்டு, காட்டுக்குள் காணி மக்கள் உண்டு. ஆக, இங்கே உழைக்கிறவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்கள், அல்லது எப்போதும் இங்கேயே இருந்தும் நிலம் எழுதித் தரப்படாதவர்கள்.

ரப்பர் பால் குளிர்ச்சியில்தான் நன்றாக ஒழுகும். அதனால் விடியும் முன்பே வெட்டுக்குப் போக வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டை நிறையக் காத்திருந்து, பிறகு பால் எடுக்க வேண்டும். மாமா நாலு மணிக்குப் பாய்லர் பற்றவைப்பார். போகும்போது ஒரு கட்டன்சாயா, இடைவேளையில் ஒரு பால்சாயா. மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அன்றைக்குத்தான் கடை நிறைந்திருக்கும். கூலி உயர்வுப் பேச்சு, ஓய்வு பெற்றவரின் பணிக்கொடை, யார் வீட்டில் பிள்ளைக்கு வரன், எந்தக் கல்லூரியில் என்ன கட்டணம், எல்லாம் அங்கேதான். பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை அந்த பெஞ்சில் வைத்துத்தான் நிரப்பிக் கொடுத்தோம். கடைசித் தேதியை மாமா அலமாரிக் கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதி வைப்பார்.

இப்படி எழுதினால் பழைய ஊர், நல்ல ஊர், எல்லோரும் ஒன்றாக இருந்தோம் என்று படம் காட்டுவது போல ஆகிவிடும். அது பொய். அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைக் கொண்டாடுகிறவர்களைக் கடுமையாக விமர்சித்தார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் சாதியும் குடியிருக்கும் இடம் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் சாயாக்கடையையும் பார்க்க வேண்டும்.

எங்கள் பாட்டாக்கள் கீழே வயல் வேலைக்குப் போன காலத்தில் கஞ்சி குழியில், சாயா சிரட்டையில். கடைக்கு வெளியே நின்று குடித்து, சிரட்டையைத் தூர எறிந்துவிட்டு வர வேண்டும். ரப்பர் தோட்டத்தில் சிரட்டையைப் பார்த்தால் எங்களுக்குப் பால் நினைவு வரும், பாட்டாவுக்கு அதுதான் நினைவு வரும். "நமக்குச் சிரட்ட ரெண்டு தடவ சோறு போட்டிருக்கு மக்கா. ஒருக்கா அவமானத்தோட, ஒருக்கா கூலியோட" என்பார்.

இது முடிந்துபோன கதை என்று யாராவது சொன்னால் இரண்டு செய்திகளை நினைவுபடுத்துங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்க அதிகாரிகள் போனபோது, அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் டீ கொடுத்ததற்காகக் கைது நடந்தது. கொட்டாங்கச்சி என்றாலும் சிரட்டை என்றாலும் ஒன்றுதான்.

ஆக, அந்தக் கடைக்குள் நாங்கள் உட்கார்ந்தது தானாக நடந்ததல்ல. முதலில் வெளியே நின்றோம். பிறகு திண்ணை ஓரம். பிறகு சங்கம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பெண்கள் உட்காரப் பின்னும் பல வருடம் ஆனது. சித்திமார் தூக்குவாளியைக் கொடுத்து சாயா வாங்கிப் போவார்களே தவிர உள்ளே வரமாட்டார்கள். எங்கள் குழுவில் உள்ள இரண்டு பெண்கள் ஒருநாள் போய் நடு பெஞ்சில் உட்கார்ந்து சாயா சொன்னபோது, ஆதிக்க சாதி ஆண்களைவிட எங்கள் சொந்தச் சித்தப்பாமார்தான் அதிகம் நெளிந்தார்கள். அதையும் எழுதாமல் விடக் கூடாது.

2020இல் கொரோனா வந்தபோது மாமா பேப்பர் கப்புக்கு மாறினார். தொற்று தணிந்து கண்ணாடி கிளாஸ் திரும்ப வந்த பிறகும் சிலர் மட்டும் எனக்குப் பேப்பர் கப் என்று கேட்டார்கள். சுகாதாரம் என்றார்கள். யார் கேட்கிறார்கள், யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறார்கள் என்று நாங்கள் கவனித்தோம். மாமாவும் கவனித்திருக்கிறார். ஒருநாள் பேப்பர் கப் கட்டையே எடுத்து உள்ளே போட்டார். "இதுலதான் உண்டு. குடிக்கதுன்னா குடி, இல்லன்னா போவும்" என்றார். அதே மாமா எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருவார், மொய் வைப்பார், சாப்பிடாமல் போய்விடுவார். மனிதர்கள் அப்படித்தான் பாதி வழியில் நிற்கிறார்கள். ஆனால் பெஞ்சில் அவரால் எங்களை எழுப்ப முடியாது என்ற நிலை வந்திருந்தது. அதுதான் முக்கியம்.

சாயாக்கடைக்கு முன்னால் கள்ளுக்கடை இருந்தது என்று பாட்டா சொல்வார். வேலை முடிந்து ஆண்கள் கூடிப் பேசிய இடம் அதுதான். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் தடை செய்யப்பட்டது. 2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடை வந்தது. குடி எங்கள் குடும்பங்களுக்கு என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும், குடிக்காக நாங்கள் அழவில்லை. ஆனால் உட்கார்ந்து பேசும் இடம் என்று பார்த்தால், கள்ளுக்கடை போன பிறகு மிஞ்சியது சாயாக்கடை ஒன்றுதான். இப்போது அதுவும் போனது.

சமூகவியல் வகுப்பில் ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கரைப் படித்தோம். வீடு முதல் இடம், வேலைத்தளம் இரண்டாம் இடம், இரண்டுக்கும் வெளியே மக்கள் இயல்பாகக் கூடும் காப்பிக்கடை, மதுக்கடை போன்றவை மூன்றாம் இடம் என்று 1989இல் வந்த நூலில் அவர் எழுதினார். படிக்கும்போது நன்றாக இருந்தது. ஊருக்கு வந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. எங்கள் ஆட்கள் பலருக்கு முதல் இடமும் இரண்டாம் இடமும் ஒரே முதலாளியுடையது. தோட்டத்துக் குடியிருப்பு வேலை இருக்கும் வரைதான். மலைக்கு அந்தப் பக்கம் மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மக்கள். 2024இல் நிறுவனம் வேலையை நிறுத்தியதும் வேலையோடு சேர்த்து வீடும் போகும் நிலை வந்தது. வீடே சொந்தமில்லாதவனுக்கு மூன்றாம் இடம்தான் முதல் இடம்.

மனையில் வீடு கட்டப் போகிறவர்களுக்குச் சாயாக்கடை போனது பெரிய விஷயம் இல்லை. அவர்களுக்கு வரவேற்பறை இருக்கும், சாதிச் சங்கத்துக்கு மண்டபம் இருக்கும், கோவிலுக்கு நிர்வாகக் குழு இருக்கும். சமுதாயக் கூடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றின் சாவி எங்கள் கையில் இல்லை. யாரிடமும் சாவி கேட்காமல் போய் உட்காரலாம் என்று இருந்த இடம் அந்த மூன்று பெஞ்சு.

கடை போனதும் என்ன நடந்தது என்று ஒன்று மட்டும் சொல்கிறோம். ஓய்வு பெற்ற ஒரு பாட்டா தனியாக இருந்தார். தினமும் ஐந்து மணிக்குக் கடைக்கு வருவார். ஒருநாள் வராவிட்டால் ஆறு மணிக்கு மாமா யாரிடமாவது, "அவரு எங்கலேய், காணல்ல?" என்று கேட்பார். யாராவது ஒரு பையன் போய் எட்டிப் பார்ப்பான். கடை மூடி இரண்டு மாதம் கழித்து அந்தப் பாட்டா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்தது, இனி நடப்பது கஷ்டம். "கடை இருந்தா நீங்க வந்திருப்பீங்க மக்கா" என்றார். எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இங்கே தூரத்து ஊர்க் கதை ஒன்று உதவும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் ஸ்மெத்விக் என்று ஒரு தொழில் நகரம். 1960களில் வார்ப்பாலைகளில் வேலை செய்த இந்தியர்கள் அங்கே இருந்தார்கள். வேலை முடிந்து பப் என்கிற மதுக்கடைக்குப் போனால் பொது அறையில் நிற்கலாம், நல்ல அறையில் உட்காரக் கூடாது. அதே ஊரில் மார்ஷல் தெருவில், வீடுகளை நகரசபையே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று வெள்ளையர்கள் கோரினார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் அழைத்து, 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அங்கே போனார். மார்ஷல் தெருவில் நடந்தார், நிறத்தடை இருந்த பப்புக்கும் போனார். ஒன்பது நாளில் அமெரிக்காவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது, பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. எங்கே உட்காரலாம், எங்கே குடியிருக்கலாம் என்ற இரண்டும் ஒரே கேள்வி என்பதை மால்கமின் அந்த ஒரு நாள் பயணம் காட்டுகிறது.

அதே நாட்டில் இப்போது கிராமத்துப் பப்கள் மூடப்பட்டு வீடுகளாக மாறுகின்றன. அதைத் தடுக்க 2011ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டத்தில் ஒரு வழி செய்தார்கள். ஊர் மக்கள் தங்கள் பப்பையோ கடையையோ சமூக மதிப்புள்ள சொத்து என்று உள்ளாட்சியின் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். உரிமையாளர் விற்க நினைத்தால், ஊர்க்குழு ஆறு மாதம் அவகாசம் கேட்டுப் பணம் திரட்டலாம். அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பலவீனமான சட்டம்தான். ஆனாலும் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2013இல் அந்தப் பகுதி மக்களே பங்கு போட்டு வாங்கினார்கள். ஓர் இடம் உரிமையாளருக்கு மட்டும் சொந்தமில்லை, அதில் உட்கார்ந்தவர்களுக்கும் அதில் ஒரு சொல் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த ஒப்புதல்தான்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. மகத் குளத்தில் 1927இல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியதன் தொடர்ச்சி அது. ஆனால் அந்தப் பிரிவு கடைக்குள் நுழையும் உரிமையைத்தான் தருகிறது. கடை இருக்க வேண்டும் என்ற உரிமையைத் தரவில்லை. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, அது நகரங்களுக்கானது. கிராமத்துச் சாயாக்கடைக்கு அதில் இடமில்லை. மனைப்பிரிவு போடுகிறவர்கள் பொதுத் திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலை போக 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் மனைப்பிரிவு அந்த அளவுக்குக் கீழே. அதனால் அந்தக் கட்டாயம் இங்கே இல்லை.

மாமாவிடம் நாங்கள் கோபப்பட்டோம், ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று. "என்னத்தச் சொல்லிப் பேச? நம்ம கையில ஒரு துண்டு கடலாசு உண்டா?" என்று கேட்டார். கடலாசு என்றால் எங்கள் பக்கம் காகிதம். அந்தக் கேள்விதான் எங்களை மாற்றியது. இத்தனை வருடம் உள்ளே நுழைவதற்காகப் போராடினோம். நுழைந்த பிறகு அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

திருவிதாங்கூரில் இதை முதலில் பார்த்தவர் அய்யன்காளி. சாலையில் நடக்கும் உரிமைக்காக வில்லுவண்டி ஓட்டிய அதே மனிதர், 1912இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் பேச இடம் கிடைத்ததும் தன் மக்களுக்கு நிலம் கேட்டார். குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், சென்னை மாகாணத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இங்கே வரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்தப் பழைய பாக்கி யார் கணக்கிலும் ஏறவில்லை.

படிக்கிற தோழர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வேலைகள். உங்கள் ஊரில் நம் மக்கள் கூடும் இடங்களைப் பட்டியலிடுங்கள்: டீக்கடை, மரத்தடி, களம், நூலகம், படித்துறை. ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் எடுத்து, அது பட்டாவா புறம்போக்கா என்று அ-பதிவேட்டில் பாருங்கள். பக்கத்தில் மனை போட்டால் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத்திட்டங்களை 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிய வேண்டும், பதிவு விவரம் இணையத்தில் கிடைக்கும். குமரியின் மலையோர ஊர்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகின்றன, அதையும் சரிபாருங்கள். விற்பனை முடிந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. நாங்கள் அப்படித்தான் ஓடினோம்.

புறம்போக்கில் இரண்டு சென்ட் அளந்து, ஊராட்சி பெயரில், எல்லோருக்கும் திறந்த ஓர் இருப்பிடம் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். மேலே கூரை, கீழே பெஞ்சு, ஓரத்தில் ஒரு சாயாக்கடைக்கு இடம். கதவு வேண்டாம் என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி யாரிடம் என்ற பேச்சு வரும். ஆதரவுக் கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனபோது, முதலில் கையெழுத்துப் போட்டது தூக்குவாளியில் சாயா வாங்கிப் போன சித்திமார். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கப் போகிறோம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டோம். கேட்டது பதிவேட்டில் ஏறும் வரை விடப்போவதில்லை.

இப்போதைக்குப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சாலையோரக் கலுங்கின் மேல் உட்காருகிறார்கள். மாமா வீட்டிலிருந்து பிளாஸ்கில் சாயா கொண்டுவருகிறார். கண்ணாடி கிளாஸ் நாலைந்து ஒரு பையில். மழை வந்தால் எல்லோரும் எழுந்து போய்விட வேண்டும்.

போன வாரம் ஒரு வீட்டுக் கல்யாணம் முடிந்தது. மாமா வந்தார், மொய் வைத்தார். பந்தி நடக்கும்போது ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாட்டா சக்கர நாற்காலியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து, "இனி உமக்கும் இடமில்ல, எனக்கும் இடமில்ல. இங்க இரியும்" என்றார். மாமா உட்கார்ந்தார். இலை போட்டோம்.

ஜெய்பீம்.